பங்க் பேண்டில் ஒருவன்

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் பிரைட்டன் வேலை பார்க்கிறான். வெளிநாட்டுக்குப் போகும் கண்டெய்னர்களுக்கான பேப்பர்களைத் தயார் செய்வது அவன் வேலை. முப்பதை நெருங்குகிறான். அவனைப் பற்றி ஆபீசில் யாரிடம் கேட்டாலும், "யாரு, அந்தச் சத்தமே இல்லாத பையனா?" என்றுதான் சொல்வார்கள். வந்தது தெரியாது, போனது தெரியாது. மேனேஜர் அபுல் ஹஸன் காயல்பட்டினத்துக்காரர், பல வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். "ஏம்ப்பா, இருமவாவது செய். ஆள் இருக்குன்னு தெரியட்டும்" என்று ஒரு தடவை அவனிடம் சொன்னார். பிரைட்டன் அதற்கும் சிரித்துவிட்டுப் போனான்.

அந்த மேனேஜருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் இதே பிரைட்டன் முத்தையாபுரம் பக்கத்தில் ஒரு உப்புக் குடோனில் அடிநாதம் கொடுக்கும் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பான். மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை இருக்காது, குடோன் காலியாகக் கிடக்கும். அங்கிருந்து கிளம்பும் சத்தத்தில் தகரக் கூரை அதிரும், மேலே இருக்கும் புறாக்கள் பறந்து போய்விடும். உப்புக் காற்றில் கிட்டார் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடித்து அறுந்துவிடும் என்பதால் அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கம்பிச் சுருள் கிடக்கும்.

கூட இருப்பவர்கள் இரண்டு பேர். மாரிச்செல்வம் கண்டெய்னர் யார்டில் லாஷிங் வேலை செய்கிறான். அதாவது பெட்டிக்குள் ஏற்றிய சரக்கு கப்பலில் ஆடாமல் இருக்க, பெல்ட்டும் கட்டையும் போட்டு இறுக்கிக் கட்டுவது. சர்ச் பாட்டுக்குழு தூக்கிப்போட இருந்த கிட்டார் ஒன்றை வாங்கி, விரலால் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கார்டில் மூன்று மட்டும் கற்றுக்கொண்டான். பாடுவதும் அவன்தான். பாடுவது என்று சொன்னால் அவனே சண்டைக்கு வருவான், கத்துவது என்று சொல்ல வேண்டும். ஜெரால்டுக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பிளான்டில் வேலை. கோயில் திருநாளில் பேண்டு செட்டுக்கு டிரம் அடித்துப் பழகியவன் என்பதால், மூன்று பேரில் வாசிக்கத் தெரிந்தவன் என்று சொன்னால் அவன் ஒருவன்தான்.

இவர்கள் வாசிப்பது பங்க். ஐம்பது வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் வேலையில்லாத பையன்கள், இசை தெரியாமலே கிட்டாரை எடுத்து, மனதில் இருந்த கோபத்தை எல்லாம் கத்தித் தீர்த்தார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். அந்தப் பையன்களில் 'த கோல்டு டீஸ்' என்று ஒரு கூட்டத்தைப் பற்றி பிரைட்டன் போனில் ஒரு நீண்ட வீடியோ பார்த்தான். வடக்கே குளிர்ந்த கடலோரத்தில் ஒரு துறைமுக ஊர். ஒருவன் மீன் ஏலக்கூடத்தில் கழுவிவிடுகிறவன், ஒருவன் கப்பலில் மூட்டை இறக்குகிறவன், மூன்றாமவனுக்கு வேலையே இல்லை. பின்னால் எத்தனையோ பேண்டுகள் இவர்களைப் பார்த்துத்தான் கிளம்பின. அந்தப் பெயரைக் கேட்டதும் ஜெரால்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஆறிப்போன டீயா? இதுக்குப் பேரு வைக்க அவனுவளுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையால?"

"நாம உப்புத்தண்ணின்னு வைப்போம்" என்றான் மாரி. அப்படியே வைத்தார்கள்.

வீடியோவை மூன்று பேரும் குடோன் வாசலில் உட்கார்ந்து ஒரே போனில் பார்த்தார்கள். அதில் பேசியது நாம் பள்ளியில் படித்த ஆங்கிலம் இல்லை. துறைமுகத்து ஆட்களின் வாய்க்குள்ளேயே உருளும் ஆங்கிலம். மாரிக்கும் ஜெரால்டுக்கும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. ஆங்கில வழியில் படித்த பிரைட்டனே கீழே ஓடிய எழுத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டான். நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னான். ஆபீசில் வாய் திறக்காதவன் அந்த வாசலில் மணிக்கணக்காகப் பேசினான். கோல்டு டீஸ் பையன்கள் கரிக்கிடங்கில் வாசித்துப் பழகியதையும், மூட்டையில் மார்க் அடிக்கும், எழுத்து வெட்டிய தகட்டை வைத்துச் சட்டையில் எழுத்து அடித்துக்கொண்டதையும் சொன்னான்.

"கூட்டத்துக்குப் பிடிச்சிருந்தா மேடை மேல துப்புவாங்களாம்" என்றான்.

"சீ! எதுக்கு?"

"அது பாராட்டுலே."

"நம்ம ஊர்ல ஒருத்தன் பாராட்டட்டும், அவன் பல்லை எண்ணிக் கையில குடுக்கேன்" என்றான் ஜெரால்டு.

பிறகு முதல் கச்சேரியின் கதை வந்தது. டீஸ் என்ற பெயரைப் பார்த்து, டீ விருந்துக்கு வாசிக்கிற கூட்டம் என்று நினைத்து, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்களின் கிளப் ஒன்று இவர்களைக் கூப்பிட்டுவிட்டது. திரையில், இப்போது கிழவராகிவிட்ட அந்தப் பாடகர் சொன்னார்: கதவைத் திறந்து பார்த்தோம், எல்லாம் எங்கள் அத்தைமார் வயசு, மேசையில் கேக்கும் பிஸ்கட்டும் இருந்தது, ஒரு பாட்டுக்கூடப் பாடாமல் பின்வாசல் வழியாக ஓடிவிட்டோம். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிரைட்டன் வீடியோவை நிறுத்தினான். மாரி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று காலைதான் யார்டில் சூப்பர்வைசர் அவனை எல்லார் முன்னாலும் "ஏ, கட்டு!" என்று, பெயர் இல்லாதவனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டிருந்தான். ஓடிவிட்டார்கள் என்று சொல்ல பிரைட்டனுக்கு வாய் வரவில்லை.

"உள்ள போயிட்டாங்க" என்றான். "வந்தாச்சு, இனி என்னன்னு மூணு பாட்டு பாடியிருக்காங்க. கிழடுங்க பிஸ்கட்டைத் தூக்கி எறிஞ்சிருக்கு. கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருக்காங்க. மறுநாள் ஊர் முழுக்க அதே பேச்சு. அப்படித்தான் ஆரம்பிச்சுது எல்லாம்."

மாரி "மூணு பாட்டா!" என்றான்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பான் என்று சொல்ல முடியாது. கம்பி அறுந்தாலும், தாளம் பிசகினாலும், மாரி "ஏ பிரைட்டா, அந்தக் கிளப்பு கதையச் சொல்லு" என்பான். பிரைட்டனும் சொல்வான். ஒவ்வொரு தடவையும் பிஸ்கட் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது.

இன்ஸ்டாகிராமில் இவர்களுக்கு ஒரு பக்கம் இருந்தது. 'உப்புத்தண்ணி – தூத்துக்குடி பங்க் பேண்டு' என்று பிரைட்டன்தான் தமிழில் எழுதி வைத்தான். அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் போன் வந்தது. பேசியவர் சுடலைக்கண்ணன் என்றும், ஆறுமுகநேரியில் லாரி ஆபீஸ் வைத்திருக்கும் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் மருமகன் என்றும் சொன்னார்.

"தம்பி, பங்க் பேண்டு நீங்கதானே?"

"ஆமாண்ணே."

"அண்ணாச்சிக்குப் பங்க்குன்னா உயிரு பாத்துக்கிடுங்க. சாத்தான்குளத்துல ஒண்ணு நடத்தியாச்சு, நாசரேத்துல ஒண்ணு நடத்தியாச்சு. இப்ப நம்ம ஊர்லயே மூணாவது. வாற ஞாயிறு காலைல. நல்லா சத்தமா இருக்கணும், ரோட்டுல போறவன் திரும்பிப் பாக்கணும்."

பேசியவர் 'ப'வை அழுத்தி, அடிவயிற்றிலிருந்து உச்சரித்தார். கிராமத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்போல என்று பிரைட்டன் நினைத்துக்கொண்டான். சாத்தான்குளத்தில் பங்க் நடந்திருக்கிறது, நமக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று ஆச்சரியப்பட்டானே தவிர, வேறு ஒன்றும் தோன்றவில்லை. எது ஒன்றை ரொம்ப ஆசைப்படுகிறோமோ அதில் நமக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

மாரி யார்டிலிருந்து அதே மாதிரித் தகடு ஒன்றை வாங்கி வந்து, எழுத்தை வெட்டி, மூன்று கறுப்புச் சட்டையில் வெள்ளைப் பெயிண்டில் 'உப்புத்தண்ணி' என்று அடித்தான். பிரைட்டன் சட்டையில் மட்டும் கடைசி எழுத்தில் பெயிண்ட் வழிந்துவிட்டது.

"அழுதா மாதிரி இருக்கு" என்றான் ஜெரால்டு.

"இருக்கட்டும்ல, உப்புத்தண்ணிதானே" என்றான் மாரி.

ஞாயிறு காலை ஐஸ் பிளான்டின் குட்டியானை மினி லாரியை ஜெரால்டு கேட்டு வாங்கினான். ஓட்டியது பிரைட்டன். ஆறுமுகநேரியைத் தாண்டியதும் சாலையோரத்தில் வாழைமரம் கட்டிய பந்தல் தெரிந்தது. சீரியல் லைட், மைக் செட், பட்டுச்சேலைகள், வேட்டிகள். பந்தலுக்குப் பின்னால் புத்தம்புதிதாக, இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், நான்கு பெட்ரோல் பம்புகள் நின்றன.

மூன்று பேரும் வண்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏ பிரைட்டா" என்றான் ஜெரால்டு மெதுவாக. "இது பெட்ரோல் பங்க்குலே."

ஆங்கிலத்தில் அது punk, இது bunk. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. 'பங்க் பேண்டு' என்றால் பெட்ரோல் பங்க் திறப்பு விழாவுக்கு வாசிக்கிற பேண்டு என்று சுடலைக்கண்ணன் நினைத்திருக்கிறார். கல்யாண பேண்டு இருக்கிறது, கோயில் பேண்டு இருக்கிறது, பங்க் பேண்டு ஏன் இருக்கக் கூடாது?

அவரே ஓடி வந்தார். "என்ன தம்பி, மூணு பேருதானா? டிரம்பெட் எங்க? யூனிபார்ம் கறுப்புல போட்டு வந்திருக்கீங்களே, நல்ல காரியத்துக்கு!" என்றவருக்கு விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க ஜெரால்டுதான் பாடுபட்டான். கேட்டு முடித்ததும் அவர் முகம் பொங்கல் வைத்த பானையை இறக்கிக் கவிழ்த்ததுபோல் ஆகிவிட்டது. ஆனால் பக்கத்தில் வந்து நின்ற அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"விடுப்பா, பிள்ளையள் வந்துட்டு. வந்ததுக்கு முருகன் பாட்டு ஒண்ணு அடிச்சுட்டுச் சாப்பிட்டுப் போகட்டும். தெரியும்லாப்பா முருகன் பாட்டு?"

அவர் நகர்ந்ததும் மாரி பிரைட்டனின் கையைப் பிடித்தான். அவன் கண் மின்னியது. அவமானம் என்று ஒன்று அவனுக்கு உறைத்ததாகவே தெரியவில்லை.

"மக்கா, இது அதேதாம்ல! அந்தக் கிளப்பு! தெரியாம கூப்பிட்டுட்டான், வந்தாச்சு. நாம நம்ம பாட்டையே பாடுதோம். ஒண்ணாவது பாடுதோம். கழுத்தைப் பிடிச்சுத் தள்ளட்டும்."

"தள்ள மாட்டாங்க, அண்ணாச்சி நல்ல மனுஷன். கேசரி குடுப்பாங்க" என்றான் ஜெரால்டு. ஆனாலும் டிரம்மை இறக்கத் தொடங்கினான்.

பிரைட்டனும் பேஸ் கிட்டாரை எடுத்தான். எடுத்துத் தோளில் மாட்டினான். மேடை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை, ஒரு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அதை நோக்கி நடக்கும்போது, விருந்தினர் நாற்காலியின் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக அபுல் ஹஸன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். ஆபீஸ் பெட்டிகளை ஏற்றிப் போவது அண்ணாச்சியின் லாரிகள்தான். மேனேஜர் வராமல் இருப்பாரா? அவர் பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தார், இவனை இன்னும் பார்க்கவில்லை.

பயப்பட ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, லீவு. யாரையும் ஏமாற்றிவிட்டு அவன் வரவில்லை. ஆனால் அந்தக் கணத்தில் பிரைட்டனுக்குத் தன் நெஞ்சில் வழிந்து கிடக்கும் பெயிண்ட் எழுத்து மட்டும்தான் தெரிந்தது. ஊரே அதைப் படிப்பதுபோல் இருந்தது. திரும்பி வண்டிக்குப் போனான். பேஸைச் சீட்டுக்குப் பின்னால் படுக்கவைத்தான். ஐஸ் பிளான்டு டிரைவரின் மழைக்கோட்டு ஒன்று அங்கே கிடந்தது. அதை எடுத்துச் சட்டைக்கு மேல் மாட்டி, கழுத்துவரை பட்டனைப் போட்டுக்கொண்டான்.

கேசரித் தட்டு கொடுக்கும் இடத்தருகே போய் நின்றபோது அபுல் ஹஸன் அவனைப் பார்த்துவிட்டார். எழுந்து வந்தார்.

"பிரைட்டனா? நீ எங்கப்பா இங்க? வெயில்ல மழைக்கோட்டு வேற?"

"லேசா காய்ச்சல் சார்."

"அந்தப் பாட்டுக்காரப் பயலுவளோடயா வந்தே? இப்பதானே அந்த வண்டிப் பக்கமிருந்து வந்தே."

"வண்டி ஓட்ட ஆளில்லன்னு கேட்டாங்க சார். ஓட்டிட்டு வந்தேன்."

"தெரிஞ்சவங்களா?"

"டிரம் அடிக்கிற பையன் ஸ்கூல்ல பழக்கம். பாடுறவனை... தெரியாது சார்."

ஜமுக்காளம் பத்தடி தூரத்தில் இருந்தது. மைக் திறந்திருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்த மாரி நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குக் கேட்டிருக்குமா? பிரைட்டன் தட்டைப் பார்த்துக் குனிந்தான். கேசரியில் ஒரு முந்திரிப் பருப்பு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாரி கொஞ்ச நேரம் காத்திருந்தான். பேஸ் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை என்றதும் ஜெரால்டைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஜெரால்டு குச்சியைத் தட்டி எண்ணினான்.

கட்டு கட்டு இறுக்கிக் கட்டு
காத்து போக இடமில்லாமக் கட்டு
சரக்கு போகுது ஐரோப்பாவுக்கு
சட்டை நனைஞ்சு நாறுது எனக்கு

அது மாரி எழுதிய பாட்டு. அடியில் பேஸ் இருந்தால்தான் அது நிற்கும். இல்லாமல் அது மேலே மேலே பறந்து, பிடிமானம் இல்லாமல் கீச்சென்று கேட்டது. பம்புகளுக்குப் பூஜை செய்துகொண்டிருந்த ஐயர் மணியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். ஒரு குழந்தை அழுதது. லாரி டிரைவர்கள் சிலர் ஓரமாக நின்று புரியாமல், ஆனால் விடாமல் பார்த்தார்கள். இரண்டாவது அடியில், எப்போதும் பிரைட்டன் கூடச் சேர்ந்து கத்தும் இடத்தில், மாரி பழக்கத்தில் மைக்கைப் பக்கவாட்டில் நகர்த்தி இடம் விட்டான். அங்கே யாரும் இல்லை. அவன் குரல் இரண்டாக உடைந்தது.

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை. விசேஷ வீட்டில் யாராவது வழுக்கி விழுந்தால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அபுல் ஹஸனும் சிரித்தார், "தொண்டை கிழிஞ்சுரும்போல இருக்கே" என்று பிரைட்டனைத் திரும்பிப் பார்த்தார்.

பிரைட்டனும் சிரித்தான்.

யாரும் அவனைச் சிரிக்கச் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுச் சும்மா நின்றிருக்கலாம். வாய் தானாக விரிந்து, பல் தெரிந்து, தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வந்தது. அது வெளியே வந்த பிறகு அதை அவன் கேட்டான். மாரி அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டு ஒருவழியாக முடிந்தது. சுடலைக்கண்ணன் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, அடுத்து முதல் பெட்ரோல் போடுவார்கள் என்று அறிவித்தார். அண்ணாச்சி மட்டும், "ஏ தம்பி, என்ன பாட்டுன்னு வெளங்கல, ஆனா சுதியோட கத்துத" என்று சிரித்துக்கொண்டே, வந்தவர்களுக்கு எல்லாம் போடுவதற்காக அடுக்கி வைத்திருந்த துண்டுகளை எடுக்கச் சொன்னார். மாரிக்கு ஒன்று போட்டார். ஜெரால்டுக்கு ஒன்று போட்டார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"மூணு பேருன்னுல்லா நெனச்சேன்?"

அபுல் ஹஸன் பிரைட்டனின் பக்கத்தில்தான் நின்றார். அண்ணாச்சியிடம் போக நான்கு எட்டு வைத்தால் போதும். மழைக்கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேருதான் அண்ணாச்சி" என்றான் மாரி.

திரும்பும்போது டிரம் உருளாமல் பிடித்துக்கொள்கிறேன் என்று ஜெரால்டு பின்னால் ஏறிப் படுத்துக்கொண்டான். துண்டை முகத்தில் போட்டதும் தூங்கிவிட்டான். மாரி முன் சீட்டில். ஆத்தூர் தாண்டியதும் மாரிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"கோட்டைக் கழட்டுல. ஒன்னப் பாத்தா எனக்கு வேர்க்குது."

பிரைட்டன் ஒரு கையால் பட்டனை அவிழ்த்தான். வேகத்தைக் குறைத்துச் சாலையோரமாகவே ஓட்டினான். ஏதாவது சொல்ல வேண்டும். மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு ஒன்று.

"மாரி, அவங்களும் பாடலைலே."

"யாரு?"

"கோல்டு டீஸ். அந்தக் கிளப்புல. உள்ளயே போகல. பின்வாசல் வழியா ஓடிட்டாங்க. அந்தக் கிழவர் அதைத்தான் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்தது, இதை உண்மைக்காகச் சொல்லவில்லை என்று. ஓடியவன் தான் ஒருவன் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறான். அந்தப் பெரிய ஆட்களைத் துணைக்குக் கூப்பிடுகிறான்.

முக்காணிப் பாலம் வந்தது. கீழே ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. மாரி அதைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்றான்.

"என்ன?"

"அதைச் சொல்லும்போது அந்த ஆளு மூஞ்சியப் பொத்துனான்லா. மூணு பாட்டு பாடுனவன் எதுக்கு மூஞ்சியப் பொத்துதான்? இங்கிலீஷ் தெரியலேன்னாலும் அது தெரியும்லா."

"அப்ப ஏன் கேட்டே? திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னியே?"

"நீ சொன்ன கதை நல்லா இருந்துது." மாரி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான். "ஓடுனவன் கதைய நான் எதுக்குல கேக்கணும்? அது எனக்கே தெரியும். நீ சொன்ன பேண்டுலதான் நான் சேந்தேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிரைட்டன் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பான், சண்டை வந்திருக்கும், சண்டை தீர்ந்தும் இருக்கும். யார்டு கேட்டில் இறங்கிய மாரி ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, "ஜெரால்டுட்ட இதச் சொல்லிராத. அவன் நெசம்னு நம்பிக்கிட்டு இருக்கான்" என்றான். மதிய ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் உள்ளே போனான். கேட்டில் இருந்த செக்யூரிட்டி அவன் நெஞ்சில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு என்னவோ கேட்க, மாரி நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது வண்டியைத் திருப்பும்போது தெரிந்தது.

திங்கட்கிழமை காலை ஆபீசில் எல்லாருக்கும் டீ வந்த நேரம். அபுல் ஹஸன் தன் அறையிலிருந்து வெளியே வந்து, பங்க் பேண்டு கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் நன்றாகக் கதை சொல்வார். சுடலைக்கண்ணன் டிரம்பெட் எங்கே என்று கேட்டதை நடித்துக் காட்டினார். அக்கவுண்ட்ஸ் பெண்கள் சிரித்ததில் ஒருத்திக்குப் புரையேறியது. மாரியின் குரல் உடைந்த இடம் வந்தபோது, அவர் கழுத்து நரம்பு புடைக்க அதே மாதிரி கத்தினார். கத்திவிட்டு, "பிரைட்டன்ட்ட கேளுங்க, அவனும் அங்கதான் நின்னான்" என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள். நேற்றைப்போல் வாய் விரியப் பார்த்தது. அது விரியத் தொடங்கியதை அவன் உணர்ந்தான்.

"சார், அந்த பேண்டுல நானும் உண்டு" என்றான்.

சத்தமே இல்லாத பையனின் குரல் கடைசி மேசைவரை கேட்டது.

"நான் பேஸ் கிட்டார் வாசிப்பேன். மூணு பேரு சார் நாங்க. நேத்து நான் வாசிக்கல. அதான் பாட்டு அப்படிக் கேட்டுச்சு. அவன் எப்பவும் நல்லாத்தான் பாடுவான்."

என்ன நடக்கும் என்று நேற்றிலிருந்து பயந்தானோ அது எதுவும் நடக்கவில்லை. அக்கவுண்ட்ஸ் பெண் ஒருத்தி, "ஐய, சொல்லவே இல்ல பாத்தீங்களா!" என்றாள். இன்னொருவர், "எங்க வீட்டு விசேஷத்துக்கு வாசிப்பீங்களா தம்பி?" என்று கேட்டார். அபுல் ஹஸன் புருவத்தை உயர்த்தி, உண்மையாகவே மகிழ்ந்துபோய், அவன் தோளில் தட்டினார்.

"அடடே! கிட்டாரெல்லாம் வாசிப்பியா நீ? என் மகன் ஸுஹைபுக்கு இதெல்லாம் உயிராச்சே. அவன்ட்ட சொல்லணும்." டீயை ஒரு வாய் குடித்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ நினைவு வந்தவர்போல் கண்ணைச் சுருக்கினார். அவர் கேட்டதில் குத்தல் இல்லை. புரியாததைக் கேட்டார், அவ்வளவுதான்.

"ஆனா, பாடுற பையனைத் தெரியுமான்னு நேத்து நான் கேட்டேனேப்பா. தெரியாதுன்னியே?"

எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பிரைட்டன் டீ கிளாசை மேசையில் வைத்தான். இரண்டு கையும் காலியாக இருந்தன. அவை முகத்தை நோக்கி எழும்புவதை அவனால் நிறுத்த முடியவில்லை.